குரல் போன பிறகு கிடைத்த ஸ்காலர்ஷிப்

டைபாய்டு காய்ச்சல் இறங்கியபோது என் குரலும் சேர்ந்து போய்விட்டது. பிரியமானவர்களே, அது எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். தூத்துக்குடியில் புது ஹார்பர் வந்து ஊரே பரபரப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் கூலி வேலை. நான் பி.யூ.சி. முடித்திருந்தேன். கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் சபையில் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடங்களில் பேச்சும் நாடகமும் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கென்று பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஸ்காலர்ஷிப் கொடுத்தது. கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் நானும் உப்பளம்தான். ஜூன் மாதம் மேடையில் பேசிக் காட்ட வேண்டும்.

டாக்டர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, "நரம்பு வேலை செய்யல. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். ஜெபித்தேன். "ஆண்டவரே, குரலை மட்டும் தாரும்." வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அம்மா ஒருநாள், "ஏளா, உப்பளத்துக்குக் குரல் எதுக்கு? கையி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஆனாலும் போனேன். மேடை ஏறினேன். உதடு அசைந்தது, முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. தேர்வு நடத்திய டீச்சர் வந்து தோளைத் தொட்டு, "உடம்பைப் பாத்துக்கோம்மா" என்று அனுப்பிவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, இனி உம்மிடம் எதுவும் கேட்கமாட்டேன்" என்று மனதுக்குள் சொன்னேன்.

பக்கத்தில், தேர்வுக்கு வந்த இன்னொரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மணப்பாடு ஊர்க்காரி, பெயர் ரோஸ்லின். "அக்கா, எல்லாம் மறந்துட்டு. மூச்சு முட்டுது. நான் ஊருக்கே போறேன்."

யாரையும் தேற்றுகிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் அவள் கையை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்து, மூச்சை எப்படி இழுத்து விடுவதென்று காட்டினேன். அவள் கையிலிருந்த பேச்சுத் தாளைப் பார்த்து நான் ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் விரலைத் தூக்கினேன். அவள் சொன்னாள். மறுபடி சத்தமாகச் சொன்னாள். அவளை உள்ளே கூப்பிட்டதும் நான் போய் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாரமே உப்பளத்தில் இறங்கினேன். வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும். பாதம் அரித்துப் புண்ணானது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். வேதத்தைத் திறக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் கங்காணி கூப்பிட்டார். "ஏளா, ஒன்னத் தேடி ஒரு டீச்சரம்மா வந்திருக்காவ."

வரப்பின்மேல் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அதே டீச்சர் நின்றார். "ரோஸ்லின் நல்லாப் பேசினா. யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டேன். பேச முடியாத ஒரு அக்கான்னு சொன்னா. அன்னைக்குக் குரல் இல்லாம வந்தது நீ ஒருத்திதான். விண்ணப்பத்துல இருந்த விலாசத்தப் பாத்துத் தேடி வந்தேன். சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சவங்களத்தாம்மா நாங்க தேடுனோம். உனக்கும் இடம் போட்டிருக்கோம்."

என்னால் நம்ப முடியவில்லை. அழுகை வந்தது. அதற்கும் சத்தமில்லை.

படித்தேன், டீச்சரானேன். எத்தனையோ பிள்ளைகளை மேடை ஏற்றினேன். குரல் பாதிதான் திரும்பியது. இன்றைக்கும் மைக் இல்லாமல் என்னால் சாட்சி சொல்ல முடியாது. நான் கேட்டதை அவர் முழுதாகத் தரவில்லை. ஆனால் நான் கேட்பதை நிறுத்திய பிறகும் அவர் என்னை விடவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம்.

ஜெபிக்கவே மனமில்லாமல் யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால், வார்த்தை தேடிக் கஷ்டப்படாதீர்கள். அப்படியே இருங்கள். நீங்கள் எங்கே போய் நின்றாலும் அவர் தேடி வருவார்.