பலகையில் சொல்லக்கூடாத வார்த்தை

எங்கள் வீட்டில் பெலாரஸ் என்ற நாடு தரையில் கிடந்தது. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கப்பலில் வந்து இறங்கும் சிவப்பு உரத்தைச் சாக்கில் பிடித்து லாரியில் ஏற்றுகிற வேலை. கிழிந்த சாக்குகளை அலசி, பிரித்து, தைத்து அம்மா விரிப்பாக்கினாள். எத்தனை முறை துவைத்தாலும் அதில் அச்சடித்திருந்த நாட்டின் பெயர் மட்டும் போகவில்லை. அதன்மேல் உட்கார்ந்துதான் படித்தேன், சாப்பிட்டேன், தம்பியோடு சண்டை போட்டேன். சோப்புக்கு ஒரு பெயர் இருப்பதுபோல உரத்துக்கு அது ஒரு பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த சமயம் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கும் கேபிள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு டிவியில் ஒரு பெண் முதுகில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கிப் போனாள். மூச்சு வாங்க வந்து நின்று, துப்பாக்கியை எடுத்து, ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட்டாள். ஐந்தும் வெள்ளையாயின. யாரையும் திரும்பிப் பார்க்காமல் மறுபடி கிளம்பிப் போனாள். திரையின் கீழே அவள் நாட்டின் பெயர் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் விரிப்பின் ஊர்க்காரி.

அதற்குப் பிறகு அவள் எனக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். நூலகத்தில் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், பொடி எழுத்துப் பட்டியல்களுக்குள் அவளைத் தேடுவேன். ஒரு வருடம் மேலே இருப்பாள், அடுத்த வருடம் எங்கோ அடியில் கிடப்பாள், அப்புறம் பெயரே இருக்காது. திடீரென்று மறுபடி மேலே வருவாள். ஏன் விழுந்தாள், எப்படி ஏறினாள் என்று ஒருவரும் எழுதவில்லை. ஒரு மனுஷியின் பாடு முழுவதையும் ஒரு எண்ணாக்கிப் போட்டுவிடுகிறார்களே என்று எனக்குக் கோபமாக வரும்.

கல்லூரியில் காக்கி உடுப்பு போடும் மாணவர் படையில் இருந்தேன். வடக்கே பனிமலையில் ஒரு முகாம் உண்டு, அங்கே சறுக்கவும் சுடவும் பழக்குவார்கள், நம் மாநிலத்திலிருந்து மூன்று பெண்களை அனுப்புவார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. பனியே இல்லாத ஊரில் பனிக்கு ஆள் எடுப்பது எப்படி? ஓடவிட்டார்கள், ஓடி வந்த மூச்சோடு குப்புறப் படுத்துச் சுடச் சொன்னார்கள். அந்த மூவரில் ஒருத்தியாக வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில், வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை ஒட்டி ஓடுவேன். யார் துரத்துகிறார்கள் என்று கிளீனர்கள் விசாரிப்பார்கள். பனி துரத்துகிறது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியவா போகிறது?

முதல் தேர்வு ஆவடிப் பக்கம் நடந்தது. நைனா வேலைக்குப் போகாமல் வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். ஓட்டத்தில் நான்தான் முதல். படுத்துக் குறி பார்க்கும்போது பின்னாலிருந்து, "தம் கட்டு கண்ணு" என்று அவர் குரல் வந்தது.

அந்த வார்த்தைக்கு என் உடம்பு பழகியிருந்தது. ஊசி போட்டால் தம் கட்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தம் கட்டு, மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றில் காரநெடி வந்தால் தம் கட்டு. எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்துக்கும் அதுதான் மருந்து. நானும் கட்டினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, துப்பாக்கி முனை ஆடியது, ஐந்து தகடுகளில் ஒன்றுதான் விழுந்தது. ஓடி வந்தவள் மூச்சை அடக்கக்கூடாது, பாதி வெளியே விட்டுவிட்டு விசையை அழுத்த வேண்டும் என்று பயிற்சியாளர் அத்தனை முறை சொல்லியிருந்தார். நைனாவின் ஒரு வார்த்தையில் எல்லாம் போயிற்று.

அடுத்த வருடம் எனக்குக் கடைசி வருடம். கத்தியே தீருவதென்றால் "தம் வுடு" என்று கத்துங்கள் என்றேன். நைனாவுக்கு முகமே மாறிவிட்டது. லாரிக்குப் போடுகிற பலகையில் மூட்டையோடு ஆள் ஏறும்போது யாரும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். சுமையை விட்டுவிடு என்றும் அதற்கு அர்த்தம், உயிரை விடு என்றும் அர்த்தம். எவனோ விளையாட்டாகச் சொல்லப் போய், ஏறிக்கொண்டிருந்தவன் விழுந்து இடுப்பொடிந்து போனானாம். என் வாயில் அது வராது, நான் சும்மா நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இந்த முறையும் தேர்வு ஆவடியில்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம், சொன்னபடியே வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். நான் இரண்டாவதாக ஓடி வந்து படுத்தேன். இரண்டு தகடுகள் விழுந்தன. மூன்றாவது தப்பியது. இன்னொன்று தப்பினால் பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. பயத்தில் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முனை ஆடத் தொடங்கியது. பின்னால் அவருக்கு என் முதுகு தெரிந்திருக்கிறது. முப்பது வருடம் மற்றவர் முதுகைப் பார்த்தே சுமை ஏற்றிவிட்ட மனிதர் அல்லவா.

"தம் வுடு கண்ணு. வுட்டுடு."

விட்டேன். மீதி இரண்டும் விழுந்தன. மூன்றாவது பெயராக என் பெயரைப் படித்தார்கள். திரும்பிப் பார்த்தால், நைனா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பனி முகாமில் நான் சறுக்கியதைவிட விழுந்ததுதான் அதிகம். அடுத்த கட்டத்துக்கு எடுக்கவில்லை. என் போட்டி வாழ்க்கை அங்கேயே முடிந்தது. இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட அதிகமாக நினைத்துக்கொள்வது அந்த இரண்டாவது ஆவடித் தேர்வுக்கு மறுநாளை.

அன்று நைனா வேலையிலிருந்து வந்தபோது தலை, புருவம், காது மடல் எல்லாம் சிவப்புத் தூளாக இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மேல் அப்படிப் படியாது. சிந்திய உரத்தைக் கூட்டி அள்ளும் பெண்கள்தான் அப்படி வருவார்கள். அம்மா விசாரித்தாள். அந்த வார்த்தையைச் சொன்னவன் கப்பல் காலியாகும்வரை பலகை ஏறக்கூடாது, பெண்களோடு துடைப்பம் பிடிக்க வேண்டும், அது மூட்டை தூக்குகிறவர்களின் கட்டுப்பாடு என்றார். யார் போய்ச் சொன்னது என்று கேட்டாள். நான்தான், மேஸ்திரி முதற்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன் என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஆவடில சொன்னத ஆர்பர்ல எவன்யா கேட்டான்? நீயா போயி ஏன் சொன்ன?"

நைனா தலையைத் தட்டினார். தூள் பறந்தது. "அந்த வார்த்தையச் சொல்லாம, இவ பனிக்குப் போற கதைய எப்டி சொல்றது?" என்றார்.