கருகல் மணத்துக்கு ஒரு காரணம்

சிட்னியில், டூங்கபியில் எங்கள் செபமாலைக் குழுவில் நொயலைப் போல விளக்கம் சொல்லக்கூடிய ஆள் வேறில்லை. கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை, கறி ஏன் அடிப்பிடித்தது, எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். மன்னார்க்காரன், லிட்கம்மில் ஒரு பொருட்கிடங்கில் வேலை. 2012இல் சிகரெட்டை விட்டு, பற்றரியில் இயங்கி ஆவி விடும் மின்சிகரெட்டுக்கு மாறினான். அது மனைவி பேர்ள் மடுமாதாவுக்கு வைத்த நேர்த்தி. அவன் புகையை விட்டால், எங்கள் குழு வீடு வீடாகக் கொண்டுபோகும் மாதாவின் சொரூபம் தங்கள் வீட்டுக்கு வரும் நாளில் எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்வதாக வேண்டியிருந்தாள்.

கொஞ்சக்காலம் ஒழுங்காக இருந்தான். பிறகு வேலையிடத்தில் ஒரு சிகரெட் பற்றினான். அந்த ஒன்று ஒன்றாகவே நிற்குமா? பேர்ள் அவன் சட்டையில் மணம் பிடித்துவிட்டாள்.

"என்னப்பா, கருகல் மணக்குது?"

"அது கொயில் பிழை," என்றான் நொயல், கூசாமல். "உள்ளுக்கு இருக்கிற கம்பிச்சுருள். அதின்ரை மின்தடை குறைவெண்டால் கம்பி கூடச் சுடும். ஆவி கனக்க வரும், ஆனா வனிலா ருசி கருகிப்போகும். தடை கூடினதெண்டால் சூடு குறைவு. ருசி மெதுவா, துப்பரவா வரும்."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இப்போதும் எரிச்சல். மெய்யை வைத்தே பெண்சாதியை ஏமாற்றினான்.

பேர்ள் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? அவனோடு வேலை செய்யும், தானும் மின்சிகரெட் பிடிக்கும் அலனுக்குப் போன் எடுத்து விசாரித்து, தடை கூடிய சுருள் ஒன்றைத் தருவித்தாள். சொரூபம் வரும் நாள் பின்னேரம் தானே அதை மாற்றிப் பூட்டிக் கையில் கொடுத்தாள்.

"இப்ப இழுத்துப் பாருங்கோ."

இழுத்தான். வனிலா சுத்தமாக வந்தது, கருகல் துளியும் இல்லை. "நல்லாயிருக்கு," என்றான். அவளுடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததாம். இன்றோடு சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று அந்த நேரம் உண்மையாகவே நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

பொழுதுபட நாங்கள் சொரூபத்தோடு போனோம். வரவேற்பறை நிறையச் சனம். பேர்ள் எழுந்து நின்றாள். "என்ரை மனுசன் புகையை விட்டிட்டார். மாதாவுக்கு நன்றி," என்றாள். நன்றிக்காக வாங்கி வைத்திருந்த பெரிய மெழுகுதிரியை எடுத்துச் சொரூபத்தின் முன்னால் வைத்தாள்.

"ஆரிட்டையும் நெருப்பெட்டி இருக்கோ?"

அவள் கேட்டு முடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நொயலின் கை காற்சட்டைப் பைக்குள் போய் லைட்டரோடு வெளியே வந்தது. பல வருடப் பழக்கம், கை யோசிக்குமா? மின்சிகரெட் பிடிப்பவனுக்கு லைட்டர் எதற்கு என்று அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. நொயல் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் கூனிக் குறுகி நின்றான்.

பேர்ள் லைட்டரைப் பார்த்தாள். அதை வாங்கித் திரியைக் கொளுத்தினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் இவரைக் குசினி அடுப்படியிலை இருந்து லைட்டரை எடுத்து வைச்சிருக்கச் சொன்னனான். மறந்துபோனன்," என்றாள்.

பேர்ள் பொய் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான், அதுவும் மாதாவுக்கு முன்னால். நொயல் முழந்தாளில் இருந்தான். செபமாலை முடியும்வரை அவன் தலையை நிமிர்த்தவேயில்லை.