மேசைக்கு அறுத்த பலகை

என் தாய்மாமனுக்கு ஓட்டல் வைக்கும் ஆசை மதுரையில்தான் பிடித்தது. ஏலக்காய் மூட்டைகளோடு போனவர், வேலை முடிந்ததும் பசிக்கு ஒரு காபி கிளப்பில் நுழைந்திருக்கிறார். அங்கே தரையில் இலை போடவில்லை. மேசை மேல் இலை, பெஞ்சு மேல் ஆள். பிறந்ததிலிருந்து சம்மணம் போட்டே சாப்பிட்ட மனிதருக்குக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டது பெரிய ராஜபோகமாகப் பட்டிருக்கிறது. நாலு இட்லி சாப்பிடுகிற நான் எட்டு இட்லி சாப்பிட்டேன் என்று ஊருக்கு வந்து என் அம்மாவிடம் பீற்றிக்கொண்டார். காலைத் தொங்கப்போட்டால் வயிற்றில் இடம் கூடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

சும்மா சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் அது மாமாவே இல்லை. மூட்டை தைக்கிற சணல் கயிறு மடியில் இருந்திருக்கிறது. பரிமாறுகிறவர் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்துக் குனிந்து, தரையிலிருந்து பெஞ்சு உயரத்துக்கு ஒரு முடிச்சு, மேசை உயரத்துக்கு ஒரு முடிச்சு, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டார். மேசைக்கு அடியில் என்ன பண்ணுகிறீர்கள் என்று முதலாளி வந்து கேட்டதற்கு, கடுக்கன் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் எச்சில் கையோடு எழுந்து மாமாவின் கடுக்கனைத் தேடினார்களாம். அது அவர் காதிலேயேதான் இருந்தது.

தேனிக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. சந்தை நாளில் பள்ளத்தாக்கு முழுக்க அங்கே வந்து இறங்கும். சந்தைக்குப் போகிற வழியில் மாமா ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டம் வருவதற்குள் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். சமையல்காரர் கிடைத்துவிட்டார், பாத்திரம் கிடைத்துவிட்டது. மேசைதான் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் ஆசாரி கலப்பை செய்வார், வண்டிச்சக்கரம் செய்வார். உட்கார்ந்து சாப்பிட மேசை வேண்டும் என்றதும், காய்ச்சலா என்று மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். கடைசியில் போடியில் ஒரு ஆசாரி அகப்பட்டார். மலை மேல் எஸ்டேட் பங்களாக்களுக்கு நாற்காலி, மேசை செய்து பழகியவர். சணல் கயிற்றை அவர் கையில் கொடுத்து, ஐந்து மேசை, பத்து பெஞ்சு, எல்லாம் பலாப் பலகையில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார் மாமா.

கடை திறப்புக்கு இரண்டு நாள் முன்னால், சாமான்களை ஏற்றிவர விடியற்காலையில் மாட்டு வண்டி கட்டினார்கள். என்னையும் மாமா கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. நான் பெண்பிள்ளை, எனக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, சின்னப் பிள்ளைகளும்தான் ஓட்டலுக்கு வரும், அதுகளுக்கு உட்காரத் தோதாக இருக்கிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டாமா என்றார். அம்மா எனக்குத் தலை பின்னி அனுப்பிவைத்தாள்.

போடியில் போய் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பட்டறையில் பத்து பெஞ்சுகளும் நாலு மேசைகளும் தயாராக நின்றன. ஐந்தாவது மேசைக்கு அறுத்து இழைத்த பலகைகள் மஞ்சள் மஞ்சளாகச் சுவரில் சாய்ந்திருந்தன. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றார் ஆசாரி. நான் என் உத்தியோகத்தை ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெஞ்சிலும் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டி, மேசையில் இலை இருப்பதாக நினைத்துப் பிசைந்து சாப்பிட்டு, நல்லா இருக்கு மாமா என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.

அப்போதுதான் ஒருவர் வந்து வாசலில் நின்றார். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண். அவரோடு வந்த இரண்டு கூலியாட்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் ஆசாரியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். ஆசாரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பிறகு பேசாமல் போய், சுவரில் இருந்த எங்கள் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கிடத்தினார்.

மாமா துள்ளிக்கொண்டு எழுந்தார். "ஆசாரி, அது என் பலகை. அதை ஏன் அங்கன தூக்கிட்டுப் போறீரு?"

"மொதலாளி, மலையில இருந்து அவசரமா ஒரு பெட்டி கேட்டு வந்திருக்காக. காஞ்ச பலகை இங்கன இது மட்டுந்தான் கெடக்கு. ஒங்க மேசையை நாலு நாள்ல தந்துடுறேன்."

மாமாவுக்கு வந்ததே கோபம். வெள்ளிக்கிழமை கடை திறப்பு என்றார். ஐந்து மேசை போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று, நாலு மேசை போட்டால் சிரிக்க மாட்டார்களா என்றார். துரை வீட்டுத் துணிமணி நாலு நாள் பெட்டிக்குள் போகாவிட்டால் குடியா முழுகிப்போகும் என்றார். ஆசாரி வாயைத் திறக்காததால் வந்தவர் பக்கமே திரும்பிவிட்டார். "ஒங்க பெட்டி காத்துக் கெடக்கட்டும்யா! சாப்பிட வர்ற சனம் காத்துக் கெடக்காது."

அந்த மனிதர் மாமாவை ஒரு முறை பார்த்தார்.

அது சவப்பெட்டி. வந்தவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், கிறிஸ்தவர். அவருடைய ஒரே மகள் முந்தின நாள் மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டாள். எஸ்டேட் ஆசாரியும் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததால், விடியுமுன் கிளம்பிப் பெற்ற தகப்பனே மலையிறங்கி வந்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் பெட்டி மேலே போயாக வேண்டும். ஆனால் போடி ஆசாரியின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கடைக்கோ புது வீட்டுக்கோ மரம் இழைக்கிற நாளில் சாவுப் பேச்சை அங்கே யாரும் வாயால் எடுக்கக் கூடாது. மாமாவின் கடை விளங்க வேண்டுமே என்றுதான் அவர் வெறும் பெட்டி என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் எனக்கு விவரம் தெரிந்த வயதில் மாமா சொன்னது. அன்றைக்கு அந்த நேரத்தில் மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேறு பலகை கொண்டுவந்து போடுகிறேன் பார் என்று மாமா மரக்கடைக்குக் கிளம்பிப் போனார். வண்டிக்காரர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி அந்த மனிதரிடம் உயரம் கேட்டார். அவர் கையை நெஞ்சுக்கு நேராக நீட்டினார். பிறகு கொஞ்சம் இறக்கினார். மறுபடி ஏற்றினார். கை ஓரிடத்தில் நிற்கவில்லை. தினம் தினம் பார்த்த பிள்ளையின் உயரம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆசாரி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆத்தா, ஒனக்கு என்ன வயசு?"

எட்டு என்றேன். இங்கன வந்து இந்தப் பலகையில சித்த படு ஆத்தா என்றார். பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்ன அதிகாரி அல்லவா நான்? பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் படுத்தேன். தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு, இரண்டு தோளுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கோடு சுண்ணாம்புக் கட்டியால் போட்டார். அந்த மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானத்தில் நான் தூங்குவதற்கு மாமாவின் ஓட்டலில் எனக்கென்று ஒரு கட்டில் வரப்போகிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆசாரியும் அவர் மகனுமாக அடித்த அடியில் இரண்டு மணி நேரத்தில் பெட்டி எழுந்துவிட்டது. உள்ளே விரிக்க வெள்ளைத் துணி எடுத்துவர இரண்டு பேரும் வீட்டுக்குள் போனார்கள். ரைட்டர் வெளியே கூலியாட்களிடம் நின்றார். மாமா வெறுங்கையோடு திரும்பி வருவது தெருவில் தெரிந்தது. அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நான் பெட்டிக்குள் இறங்கி, காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.

"மாமா, இங்க பாருங்க! என்னையப் படுக்க வச்சு அளந்து செஞ்சாக. எனக்குச் சரியா இருக்கு!"

மாமா குனிந்து பார்த்தார். மலைக்குப் போய்வந்து பழகியவர், தோளுக்கு அகன்று காலுக்குக் குறுகிய பெட்டி என்ன பெட்டி என்று அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் எந்தப் பெரியவர் முகத்திலும் பார்த்ததில்லை. என் ஒற்றைக் கையைப் பிடித்து அப்படியே தூக்கி வெளியே எறியாத குறையாக இறக்கினார். தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. துணியோடு ஓடிவந்த ஆசாரியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். "ஏலே, உசுரோட நிக்கிற பிள்ளையவாடா இதுக்கு அளந்த? ஒனக்குக் கை எப்பிடிரா வந்துச்சு?"

ஆசாரி மாமாவைவிட மூத்தவர். கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை.

"அடிங்க மொதலாளி. நான் செஞ்சது பாவந்தான். போன வருசம் ஒரு பிள்ளைக்கு வாயால சொன்ன அளவுக்கு அடிச்சுக் குடுத்தேன். பத்தல. காலை மடக்கி உள்ள வச்சாக. பெத்தவ பாத்துக்கிட்டே நின்னா. எனக்கு ஒரு மாசம் சோறு எறங்கல." வாசலைக் காட்டினார். "இன்னைக்கு இவுக மகளுக்கு. ஒங்க பிள்ளை வயசுதான்."

மாமா வாசல் பக்கம் திரும்பினார். சத்தம் கேட்டு ரைட்டர் உள்ளே வந்து நின்றிருந்தார். உங்கள் பெட்டி காத்துக் கிடக்கட்டும் என்று தான் கத்தியது மாமாவுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வாய்ப்பேச்சில் சந்தையையே விலைக்கு வாங்கக்கூடியவர், தெரியாமச் சொல்லிட்டேன்யா என்ற இரண்டு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தார். வெள்ளிக்கிழமை நாலு மேசையோடுதான் கடை திறந்தது. ஐந்தாவது எங்கே என்று கேட்டவர்களிடம், வந்துகொண்டிருக்கிறது என்று சாகும்வரை சொன்னார். அம்மாவிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

அன்றைக்குப் பட்டறையில் நானோ அழுதுகொண்டிருந்தேன். எனக்காகச் செய்த பெட்டியை ரைட்டரின் மகளுக்குக் கொடுக்கிறார்கள், கையையும் பிடித்து இழுத்துவிட்டார்கள். ரைட்டர் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உள்ள எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாமா என்னைத் தடுக்கக் கையை எடுத்தார், பிறகு விட்டுவிட்டார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னைக் கேட்டுவிட்டார்களே என்ற மரியாதையோடு சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு. சோத்தாங்கைப் பக்கம் மட்டும் ஒரு சிலாம்பு தோள்ல குத்துது. அவளைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க."

அவர் எழுந்து போய்ப் பெட்டிக்குள் கையை விட்டு, வலது பக்கப் பலகையை விரலால் தடவித் தடவித் தேடினார். நான் போய் இடத்தைக் காட்டினேன். கடுகளவு மரச் சிலாம்பு. ஆசாரி உப்புத்தாளை எடுத்துவந்து தேய்த்தார். மாமா அதை அவர் கையிலிருந்து வாங்கித் தேய்த்தார். ரைட்டர் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். மாமா தேய்த்தார். அவர் மறுபடி தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடியாக வழுக்கியது. போயிருச்சு என்று சொன்னேன். யாரும் நிறுத்தவில்லை. இல்லாத சிலாம்பை மூன்று பெரிய மனிதர்கள் எதற்காக அப்படித் தேய்க்கிறார்கள், எதற்காக மூன்று பேரும் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் குறை சொன்னதுதான் தப்பாகிவிட்டது போல என்று பயந்துபோய், "லேசாத்தான் குத்துச்சு" என்றேன்.