நெஞ்சுக்குத் தடிமன், முதுகுக்கு மெல்லிசு

திருப்பூரிலிருந்து வந்த அந்தப் படத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். முகம் கிடையாது, வெறும் கோடு. உடம்பில் கையில்லாத ஒரு மிதவைச் சட்டை. நெஞ்சுப் பக்கம் ஃபோம் தடிமனாகவும் முதுகுப் பக்கம் மெல்லிசாகவும் இருக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். என் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அதைக் கட்டிங் மேசை மேல் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதெ வரைஞ்சவன் ஒருநாளும் கெணத்துல குதிச்சிருக்க மாட்டான் மாப்ளே" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதி என்கிற ஊரில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கூரைக்குக் கீழே மச்சான் தையல் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் சில மெஷின்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பை, ஸ்கூட்டர் உறை, எது கிடைத்தாலும் தைத்தோம். நான் மெஷின்களைப் பார்த்துக்கொண்டேன். அக்கா நூல் வெட்டுவது, செக்கிங், பேக்கிங், ஆட்களுக்கு டீ போடுவது எல்லாம் செய்தாள். அவளுக்குச் சம்பளம் கிடையாது. சொந்தக் கம்பெனியில் வீட்டுக்காரிக்கு என்ன சம்பளம் என்பதுதான் அப்போதைய நியாயம். இப்போதும் அதுதான்.

அந்த நேரத்தில்தான் திருப்பூர் ஏற்றுமதிக்காரர் ஒருவர் இந்த மிதவைச் சட்டை ஆர்டரைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம். பலகையில் பாய்மரம் நட்டு, அதைக் கையால் பிடித்து நின்றபடியே கடலில் காற்றோடு ஓடுவார்களாம். கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்றடித்தால் ஆளைத் திரும்பவே விடாதாம். பாய்மரக் கம்பு தலையில் அடித்தால் நினைவு தப்பிவிடுமாம். அதனால் கரையைவிட்டுத் தூரம் போகிறவன் என்னென்ன போட்டிருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் விதி வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்தும் தெரிகிற ஆரஞ்சு நிறம், தோளில் கயிற்றோடு விசில், உப்புத் தண்ணீருக்கு இற்றுப்போகாத நூல். ஏற்றுமதிக்காரர் இதையெல்லாம் தமிழில் சொன்னார். ஃபோம் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்கிற காரணம் மட்டும் இங்கிலீஷிலேயே கிடந்தது. அவரும் சொல்லவில்லை, எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கடலையே பார்க்காத ஊரில் கடல் விதியை யார் கேட்பது?

மச்சானுக்குச் சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். அங்கே பையன்களுக்கு நீச்சல் பழக்குவது எப்படி என்றால், காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். குடுக்கை முதுகைத் தூக்கிப் பிடிக்கும், பையன் குப்புறப் படுத்துக் கைகாலை அடித்துப் பழகுவான். மச்சான் அப்படித்தான் பழகினார், நானும் அப்படித்தான். மிதக்கிற பொருள் முதுகில்தான் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாடமே இல்லை, உடம்போடு வந்த விஷயம். அதனால் மச்சான் படத்தைத் திருத்தினார். தடி ஃபோமை முதுகுக்கும் மெல்லிசானதை நெஞ்சுக்கும் வைத்து வெட்டச் சொன்னார். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு நன்மை செய்கிறோம் என்றே நினைத்தார். ஃபோமில் ஒரு துண்டுகூடக் குறைக்கவில்லை.

தைத்து முடித்ததும் அன்னூர்த் தோட்டத்துக் கிணற்றில் சோதனை வைத்தோம். ஏற்றுமதிக்காரரின் ஆள் ஒருவர் வந்தார். மச்சான், நான், மச்சானின் பங்காளிகள் என்று வரிசையாகக் குதித்தோம். எல்லோரும் நன்றாக மிதந்தோம். அந்த ஆள் மேலே நிழலில் நின்று தலையாட்டிவிட்டு, கோழிக்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். கோழி அடித்துக் குழம்பு வைத்தது அக்கா.

பாத்திரம் கழுவிவிட்டு அக்கா கிணற்றுமேட்டுக்கு வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எங்கள் வீட்டில் பையன்களுக்குத்தான் குடுக்கை கட்டினார்கள். பெண்பிள்ளை கிணற்றில் கால் வைத்தால் அடிதான் விழும். காய்ந்துகொண்டிருந்த ஒரு சட்டையை எடுத்துச் சேலை மேலேயே மாட்டிக்கொண்டு, "நீச்சத் தெரிஞ்சவங்களே குதிச்சுப் பாத்தா என்னத்தத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினாள். பங்காளி ஒருவர், "கெணத்துத் தண்ணியெல்லாம் நீயே குடிச்சுப்போடாதே அம்மணி, சோளத்துக்குப் பாய்ச்சோணும்" என்று கிண்டலடித்தார். அவள் படியை விட்டுக் கையை எடுத்தாள். கொஞ்சம் ஆடினாள். அப்புறம் முதுகு மேலே வந்தது. முகம் தண்ணீருக்குள் போனது. சட்டை அவளை நன்றாகத்தான் மிதக்க வைத்தது, குப்புற. கைகளால் தண்ணீரைப் பிறாண்டினாள், தலையைத் தூக்க முடியவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தோம். மச்சான்தான் முதலில் குதித்தார்.

படியில் உட்காரவைத்ததும் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். மச்சான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. "சும்மா கெடந்தா எந்தச் சட்டையும் இப்படித்தான். கையக் கால அசைக்கோணும்" என்றார்.

"கைகால அசைக்கத் தெரிஞ்சா எனக்கெதுக்குங்க இந்தச் சட்டை? அடிபட்டு நெனவில்லாமக் கெடக்கறவன் எப்படிங்க அசைப்பான்?"

படத்திலிருந்த அம்புக்குறிக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சில் தடிமன் இருந்தால் மயங்கியவனை மல்லாக்கத் திருப்பும், மூச்சு விடலாம். நாங்கள் தைத்து வைத்திருந்ததோ ஆளைக் குப்புறக் கவிழ்க்கிற சட்டை. ஒன்றிரண்டில்லை, ஆர்டர் முழுக்க.

மச்சான் ஏற்றுமதிக்காரருக்குப் போன் போட்டார். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்த நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் நன்றாக நீச்சல் தெரியும், நிறமும் விசிலும் சரியாக இருக்கிறதா, அனுப்பிவிடுங்கள், ஃபோமை யாரும் அறுத்துப் பார்க்கப் போவதில்லை என்றார். தாமதமானால் இனி ஆர்டர் கிடையாது என்றும் சொன்னார். பெரிய வீடு, இரண்டு கார். விதி என்றால் அவருக்கு விசிலும் நிறமும்தான். இந்த மாதிரி ஆட்களை அதற்கப்புறமும் நிறையப் பார்த்துவிட்டேன், எவனும் மாறவில்லை.

மறுநாள் காலையில் நான் கம்பெனிக்குப் போனபோது அக்கா கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்து, ஒரு சட்டையை மடியில் போட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வாசலில் நின்றிருந்தார்.

"லாரி வருது" என்றார்.

"வரட்டுங்க. காலியாப் போகட்டும்."

"இது போனா கம்பெனியே போச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவரும் பிரிக்க ஆரம்பித்தார். லாரி வந்து திட்டிவிட்டுப் போனது. முன்பக்கம் திறக்கிற சட்டை என்பதால் முதுகின் தடி ஃபோமை இரண்டாக அறுத்து நெஞ்சுக்கு வைத்தோம். நெஞ்சின் மெல்லிசுகளை ஒட்டி முதுகுக்குப் போட்டோம். மறுபடியும் தைத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அக்காவே திரும்பவும் கிணற்றில் இறங்கினாள். நான் வேண்டாமென்றேன், கேட்கவில்லை. கண்ணை மூடிக் கைகாலை விட்டாள். மல்லாந்தபடி, முகம் வானத்தைப் பார்க்கக் கிடந்தாள்.

சரக்கு தாமதமாகப் போனது. ஏற்றுமதிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுச் சரக்கை வாங்கிக்கொண்டார். சொன்னபடியே அடுத்த ஆர்டர் தரவில்லை. மச்சான் மெஷின்களை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு, பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கப் போனார். அக்காவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நீ செய்ததுதான் சரி என்றும் சாகும்வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. செத்தவர்மேல் கோபப்பட்டு ஆவதொன்றுமில்லை. இருந்தாலும் இருக்கிறது.

இப்போது படகு விடுகிற இடம் எங்கே போனாலும் மிதவைச் சட்டை தருகிறார்கள். கொக்கி உடைந்திருக்கும், ஃபோம் நைந்திருக்கும். கேட்டால், பேருக்குப் போட்டுக்கங்க சார், செக்கிங் வருவாங்க என்கிறான் படகுக்காரன். முன்பெல்லாம் சண்டை போடுவேன். இப்போது பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு பேசாமல் திரும்பி வந்துவிடுகிறேன். சண்டை போட்டு அலுத்துவிட்டது.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள், எதையோ பேசிக்கொண்டிருந்த நடுவில் திடீரென்று கேட்டாள்.

"அந்தச் சட்டையெல்லாம் யாராச்சும் போட்டுட்டுக் கடலுக்குப் போயிருப்பாங்களா கண்ணு?"

"எனக்கென்னக்கா தெரியும்."

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருந்தா நம்மளத் தேடிச் சேதி வந்திருக்குமல்லோ?"

"வந்திருக்கும். ஒண்ணும் வரலியே."

"அப்பச் செரி" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.