செல்வி ஊதிய பசை பலூன்

நேற்று மகளின் புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். "அய்யே, இதப் போய் ஏம்மா மோந்து பாக்கற?" என்று முகம் சுளித்தாள். என்ன செய்வது, புது பிளாஸ்டிக் என்றால் என் மூக்கு இன்னும் சும்மா இருப்பதில்லை. சின்ன வயதில் புதுச் செருப்பு, மழைக்கோட்டு எதையும் விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ராஜா பசை பலூன்!

பார்த்திருப்பீர்களே! சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ட்யூப், கூடவே ஒரு குட்டிக் குழல். பசையை உருட்டிக் குழல் முனையில் ஒட்டி ஊதினால் பளபளவென்று பலூன் வரும். ஓட்டை விழுந்தால் கிள்ளி ஒட்டிக்கொள்ளலாம். பெட்ரோலும் நெயில் பாலிஷும் கலந்தது போல ஒரு நெடி. ஊத ஊதத் தலை கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்புக்காகவே ஊதினோம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் தீமிதி அன்று எனக்கும் எதிர்வீட்டுச் செல்விக்கும் பந்தயம், யார் பலூன் பெரியது என்று. என்னுடையது எலுமிச்சம்பழத்தோடு நின்றுவிட்டது. அவளுடையதோ பூசணிக்காய்! "பாருடி, என் தலையவிட பெருசா கீது!" என்று கத்தியவள், மறுபடி குழலை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தாள். ஒரு தரம் இல்லை, பல தரம். கண் சொருகியது, உடம்பு ஆடியது.

அந்த நேரம் பார்த்துப் பம்பைச் சத்தம் உச்சத்தில். "அம்மா எறங்கிட்டாடீ!" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேப்பிலை வந்தது, மஞ்சள் தண்ணீர் குடம் குடமாக வந்தது. நான் அத்தை என்று கூப்பிடும் அவள் அம்மாவே அவள் காலில் விழுந்து, "தாயே, இந்த வருசமாச்சும் ஏரி ரொம்புமா?" என்று கேட்டாள். செல்வி "ம்ம்" என்று முனகினாள். ஒரே குலவை!

"சாமி இல்ல அத்த! பலூன் பசைய உள்ள இஸ்துக்கினா!" என்று நான் கத்தியது யார் காதில் விழும்? கூட்டத்துக்குள் புகுந்து அத்தையின் முந்தானையை இழுத்து ட்யூபைக் காட்டினேன். அப்போதுதான் மகளின் உதடு நீலம் பூத்திருப்பதை அத்தை பார்த்தாள். தூக்கிக்கொண்டு ஓடியவளை யாரோ டிவிஎஸ் ஃபிப்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கும் குழந்தைப் படம் இருந்தது, வேறு ஓர் எழுத்துகூட இல்லை. மறுநாள் எழுந்து உட்கார்ந்த செல்வி என்னிடம் முதலில் கேட்டது, "என்துதானடி பெருசு?"

ராஜகுளத்தில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கு இப்போது இளைப்பு. மாடி ஏறும் முன் மருந்தை உறிஞ்ச வேண்டும். சின்ன வயதில் ஏதாவது கெமிக்கல் பட்டதா என்று புது டாக்டர் கேட்டாராம். "அவர்கிட்ட இன்னான்னுடி சொல்றது?" என்று போனில் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தப் பசையால்தான் இந்த இளைப்பு என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதை விற்ற பெட்டிக்கடை போய்விட்டது, செய்தவர்கள் யாரென்றே தெரியாது. பிள்ளைகள் வாய் வைத்து ஊதிய அந்தப் பசையில் என்ன இருந்தது என்று கேட்க இன்று ஒருவரும் இல்லை.