நான் காட்டிய மனை

அட்டுவம்பட்டியில் ஒரு காலிமனை. அதன் சொந்தக்காரர் சென்னைவாசி. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. புதர் மண்டி, டூரிஸ்ட் வேன்காரர்கள் குப்பை கொட்டி, காட்டுமாடு வந்து படுக்கிற இடமாகிவிட்டது. நோட்டீஸ் விட்டும் பதில் இல்லை. நாங்களே சுத்தம் செய்து, செலவை மனை வரியோடு சேர்த்து வசூலிப்பது என்று நகராட்சி ஆபீசில் உத்தரவு போட்டார்கள். நான் அப்போது சுகாதார மேஸ்திரி. எட்டு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்த மாதம்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

அன்று காலை மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்த மனையும் பக்கத்து மனையும் நடுவில் வேலியில்லாமல் ஒட்டிக் கிடந்தன. நான் கையை நீட்டி ஒன்றைக் காட்டினேன். வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி, இது யாரோ வளர்க்கிற கொடி மாதிரி இருக்கிறதே என்று இழுத்தாள். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே. எனக்குத் தெரியாதா, பேசாமல் வெட்டு என்று அதட்டினேன். பாவி, நாலு எட்டு நடந்து பார்த்திருக்கலாம். அரை மணியில் எல்லாம் தரையில் கிடந்தது. அப்புறம்தான் இலைக்கடியில் சௌசௌ காய்கள் கண்ணில் பட்டன.

வழக்கம்போல இடம் பதிவாகிற போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன். அதை வைத்து, வெட்டிய மனை யாருடையதோ அவர் பெயருக்கே செலவைப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்யும் ஒரு அக்காவின் மனை அது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நோட்டீஸைக் கொடுத்துவரும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

அக்கா வாசலில் நின்றபடி அதை இரண்டு தடவை படித்தார்.

“என் கொடியையும் வெட்டிட்டு, வெட்டுன கூலியும் நானே குடுக்கணுமா தம்பி?”

மனு கொடுத்தால் ரத்தாகும் என்றேன். தனக்கு மனு எழுதத் தெரியாது, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தார். படியில் உட்கார்ந்து எழுதினேன். அது புதரில்லை, விளைகிற கொடி; மனை மாறி வெட்டிவிட்டார்கள் என்று எழுதி முடித்தேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

“எடத்த மாத்திக் காட்டுனது யாருன்னு எழுதலையே. அத எழுதுனாத்தான ஆபீசுல நம்புவாங்க?”

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

“நான்தான்க்கா காட்டுனேன்.”

என் முகத்தையே பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“எழுதுனா ஒங்க வேல போயிருமா?”

“போயிரும்க்கா.”

“நீங்கதான் காட்டுனீங்கன்னு அதையும் எழுதுங்க” என்றார்.

எழுதினேன்.