டோலி கிடைக்காத வீடு

கேதுராவை நினைத்தாலே எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. கூழ் கவிழ்ந்தால் ஸ்தோத்திரம் என்பாள். காயப்போட்ட பீன்ஸ் மழையில் நனைந்தால் ஸ்தோத்திரம். போன வாரம் என் கடை வாசலில் வழுக்கி விழுந்து, முட்டி சிராய்த்து, எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே ஸ்தோத்திரம் என்றாள். "எதுக்குடி, தலை உடையலன்னா?" என்று கேட்டேன். "அதுக்கும்தான்க்கா" என்று சொல்லிவிட்டுப் பாவாடையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்படி ஒருத்தியை என்னதான் செய்வது?

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கரெங்கெரே மலைப்பாதை கபாலே ரோட்டில் வந்து சேரும் இடத்தில் என் டீக்கடை இருக்கிறது. மலையிலிருந்து எது இறங்கினாலும் என் கண்ணில் பட்டுத்தான் போகவேண்டும். உருளைக்கிழங்கு மூட்டை, கல்யாணப்பெண், சீக்காளி, எல்லாம். மேல் ஊருக்கு வண்டி போகாது. வாடகைக்கு பைக் ஓட்டுகிற பைக்காரப் பையன்களும் ஓடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். அதனால் மேலே யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் டோலிதான். பின்னிய கூடை, இரண்டு பக்கமும் கழி, ஒரே நேரத்தில் நாலு பேர் தோள் கொடுப்பார்கள், மற்றவர்கள் மாற்றிக்கொள்ள கூடவே நடப்பார்கள். அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. கொம்பு ஊதினால் வீட்டுக்கு ஒரு ஆண் வந்து நிற்கவேண்டும். சங்கத்திலிருந்து தள்ளிவைத்த வீட்டில் சீக்காளியையும் தூக்கமாட்டார்கள், பிணத்தையும் தூக்கமாட்டார்கள்.

கொடுமை என்று சொல்லலாம். அப்படி ஒரு பயம் இல்லாவிட்டால் மழையில் எவன் வருவான் என்று சங்கத்தலைவர் கொர்னேலியோ கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மனிதர் எத்தனையோ வருஷமாகத் தூக்கித் தூக்கி, அவர் தோள் உழுகிற மாட்டின் கழுத்தைப்போலக் காய்த்துக் கிடக்கிறது. சபையிலும் அவர் மூப்பர். முன்வரிசையில்தான் உட்காருவார்.

கேதுரா கீழ்நாட்டிலிருந்து யோராமுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த நாளிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. மலைச்சரிவில் படியாக வெட்டிப் பீன்ஸ் போட்ட வயல் மழையில் மொத்தமாகச் சரிந்து அடுத்தவன் நிலத்தில் போய் விழுந்தது. அவன் செடியைத் தன்னுடையது என்று அறுத்துக்கொண்டான். வளர்த்த பன்றிகள் காய்ச்சலில் செத்தன. உருளைக்கிழங்கு கருகிப்போனது. பிள்ளையும் இல்லை. அந்த நாட்களில் அவள் வாயிலிருந்து ஸ்தோத்திரம் வரவில்லை, வானத்தைப் பார்த்து வந்ததையெல்லாம் நான் இங்கே சொல்லமுடியாது. கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள், கறிச்சாப்பாட்டுக்காக.

யோராம் அடிக்கிறவனோ குடிக்கிறவனோ இல்லை. பேசமாட்டான், அவ்வளவுதான். சோறு கேட்பான், மண்வெட்டி எங்கே என்று கேட்பான். அதோடு சரி. "சுவத்தோட குடும்பம் நடத்தறேன்க்கா" என்று என் கடையில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னாள்.

யோராம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போயிருந்த சமயத்தில் கிழவர் பிதாரிஹோ செத்துப்போனார். வெளியூர் ஆஸ்பத்திரியில் செத்தவரை மேலே ஊருக்குத் தூக்கிப்போகவேண்டும். கொம்பு ஊதினார்கள். வீட்டு ஆண் ஊரில் இல்லாவிட்டால் அண்ணன் தம்பியை அனுப்பவேண்டும். யோராமுக்கு யாரும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு ஆள் என்பதுதானே கணக்கு என்று கேதுரா தானே வந்து நின்றாள். மற்றப் பெண்களைப்போலப் பின்னால் சாப்பாட்டுச் சட்டி தூக்க வந்திருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். செங்குத்தான திருப்பத்தில் ஒருவனுக்குக் கால் பிசகி, கழி சாய்ந்து, கிழவர் கூடையோடு உருண்டு போகவேண்டியது. இவள் ஓடிப்போய்க் கழிக்குக் கீழே தோளைக் கொடுத்துவிட்டாள். கிழவர் விழவில்லை.

விழுந்திருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. கரெங்கெரேயில் பெண்பிள்ளை டோலிக்குத் தோள் கொடுத்ததாக யாரும் கேட்டதே இல்லை. எங்கள் அப்பனை ஒரு பொம்பளை தூக்கி அசிங்கப்படுத்திவிட்டாள் என்று பிதாரிஹோவின் பிள்ளைகள் குதித்தார்கள். கூட்டம் போட்டார்கள். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். யோராம் வீட்டைத் தள்ளிவைத்தாயிற்று. திரும்பச் சேரவேண்டுமானால் ஒரு செம்மறி ஆடு வெட்டிப் போடவேண்டும். அவளிடம் ஒரு கோழிகூட இல்லை. யோராம் ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னாளாம். கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டானாம்.

அடுத்த விதைப்பில் யோராமுக்குக் குடல் இறங்கி முறுக்கிக்கொண்டது. காலையில் வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உருண்டான். அடிவயிறு கல்லாகிவிட்டது, வாந்தி நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி வைக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான். இது மலையில் எல்லாருக்கும் தெரியும். கேதுரா கொர்னேலியோ வீட்டு முற்றத்துக்கு ஓடினாள். சங்கத்து ஆட்கள் அங்கே உட்கார்ந்து ஒரே பானையில் சோளக்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் போய் மண்டியிட்டாள்.

கொர்னேலியோ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "ஏம்மா, எல்லாருமா கையத் தூக்கிப் போட்ட சட்டம் இது. நான் ஒருத்தன் மாத்த முடியுமா?" என்றார்.

"அண்ணே, அவரு செத்துருவாரு."

"செத்தா வருத்தம்தான். நீதான் தோள் குடுக்கிற ஆளாச்சே. தூக்கிட்டுப் போயேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவனுக்குக் கள் புரை ஏறிவிட்டது. அந்தப் புரை ஏறியவனே மறுநாள் என் கடைக்கு வந்து இதை வேடிக்கையாகச் சொன்னான். அவன் டீயில் நான் சர்க்கரை போடவில்லை.

அவள் வீட்டுக்குப் போய்ப் பெரிய துணியை எடுத்தாள். பிள்ளையை முதுகில் கட்டுகிற துணி. வாக்கப்பட்டு வரும்போது தாய் கொடுத்தது, பெட்டியிலேயே மடித்துக் கிடந்தது. யோராமை முதுகில் சாய்த்து, இறுக்கி முடிச்சுப் போட்டு, இறங்க ஆரம்பித்தாள். அவன் ஒல்லிதான். அவளும் ஒன்றும் பயில்வான் இல்லை. படிப்படியான வயல்களில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "கடைசில அவ முதுகுலயும் ஒண்ணு ஏறிருச்சு" என்று ஒருத்தி சொன்னாள். யார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவள்தான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு மறுபடி குனிந்து களை எடுத்தார்கள்.

வழியில் நடந்தது அவள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. முதலில் சங்கத்து ஆட்களைத் திட்டிக்கொண்டே இறங்கினாள். அது தீர்ந்ததும் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டாள். இவன்களுக்கு மேலே நீதானே இருக்கிறாய், வந்து ஒரு பக்கம் பிடியேன் என்று மலை கேட்கக் கத்தினாளாம். மழைதான் வந்தது.

அப்போது யோராம் பேச ஆரம்பித்தான். அவன் வாய் அவள் காதோடு இருந்தது. விதைக்கிழங்கு கெட்டது என்று தெரிந்தேதான் நட்டேன் என்றான். வேறு தேடிப் போகச் சோம்பல். என் அத்தை உன் கைராசியைப் பழித்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன் என்றான். பிதாரிஹோவுக்கு நீ தோள் கொடுத்ததைச் சொன்னாயே, அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன், வரவில்லை என்றான். "நல்லாத்தான் தூக்கினே" என்றானாம். அவனை முதுகில் வைத்துக்கொண்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் முதுகு கதகதப்பாக இருக்கிறது என்றான். பிறகு, எனக்காக ஜெபம் பண்ணு என்றான். எனக்குத் தெரியாதே என்றாள். நன்றியாவது சொல்லு என்றான். எதற்கு என்று கேட்டாள். "தெரியல, சும்மா சொல்லு." சாகக் கிடக்கிறவன் மனசு நோகக்கூடாதே என்று ஸ்தோத்திரம் என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் ஸ்தோத்திரம் அதுதான். சொன்னதும் அழுகை வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தாள்.

ஓடையில் மரப்பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. நட்டநடுவில் அவள் கால் மடங்கியது, இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. அந்த நிமிஷம் முதுகுச் சுமை பாதியாகக் குறைந்தது என்கிறாள். "பின்னாடி யாரோ புடிச்சாங்கக்கா. திரும்பிப் பார்த்தா விட்டுருவாங்களோன்னு நான் திரும்பவே இல்ல." கரை ஏறி, ரோடு வரைக்கும் அந்தப் பாதிச் சுமையோடுதான் நடந்தாள்.

தைல மரங்களுக்கு நடுவே அவள் வருவதைப் பார்த்து நான் ஓடினேன். யோராமின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கண் திறந்திருந்தது, மழை அதில் விழுந்துகொண்டிருந்தது. அவளோ, ரோடு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கேதுரா, இறக்கு."

"இறக்கினா மறுபடி தூக்க முடியாதுக்கா. வண்டி வரட்டும், இப்படியே ஏறிக்கறேன்."

"இனிமே தூக்க வேண்டாம்டி. இறக்கு."

 முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். குளிப்பாட்டியதும் நான்தான். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிய கை இது, உடம்பு எப்போது அடங்கியது என்று தொட்டால் தெரியும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பிணத்தையாவது மேலே தூக்கி அவன் நிலத்தில் புதையுங்கள் என்று ஆள் அனுப்பினேன். பிணத்துக்கும் அதே சட்டம்தான் என்று பதில் வந்தது. கரெங்கெரேக்காரன் தன் மண்ணில் படுக்காமல் போவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. என் கடைக்குப் பின்னால் வாழைகளை வெட்டி இடம் பண்ணி, பைக்காரப் பையன்களை வைத்துக் குழி வெட்டினேன். நல்லா காய்க்கிற வாழை. வயிறு எரிந்துகொண்டே வெட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடக்கம் முடிந்த ஞாயிறு அந்த வீட்டார் சபையில் எழுந்து நன்றி சொல்வது எங்கள் வழக்கம். உனக்கு முடியாவிட்டால் வேண்டாம் என்று உபதேசியார் ஏனோஸ் அவளிடம் இரண்டு தரம் சொன்னார். அவருக்குப் பயம், இவள் வாய் திறந்தால் என்ன வருமோ என்று. நான் அதற்காகவே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். நாறடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அவள் எழுந்து, அன்றைக்குக் கொர்னேலியோ வீட்டு முற்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். இல்லை.

"கொர்னேலியோ அண்ணனுக்காக ஸ்தோத்திரம்" என்றாள். "நீங்க தூக்கிருந்தா நான் சட்டியை வெச்சுக்கிட்டுப் பின்னாடி வந்திருப்பேன். அவரு பேசினது ஒரு வார்த்தை எனக்குக் கேட்டிருக்காது. இத்தனை வருஷத்துல பேசாதவரு அன்னைக்குப் பேசினாரு. அது எனக்குக் கிடைச்சுது." பிறகு ஓடையில் நடந்ததையும், பாதிச் சுமை குறைந்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒருத்தர் ஆமென் சொல்லவில்லை. அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் அவள் கையைப் பிடித்து இழுத்து, அவன்கள் உன் புருஷனைக் கொன்றான்கள், நீ நன்றி சொல்கிறாயா என்று கேட்டேன்.

"கொன்னாங்கதான்க்கா. நான் இல்லன்னு சொல்லலையே" என்றாள். "அதையும் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். அதுக்காகக் கிடைச்சதைக் கிடைக்கலன்னு சொல்ல முடியுமா?"

சங்கம் அதற்குப் பிறகு கூடியது. யோராம் வீட்டு விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்த வீடு தள்ளிவைத்த வீடுதான். கொம்பு ஊதினால் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நடக்கிறாள். நாளைக்கு அவள் விழுந்தால் தூக்க ஆள் இல்லை. அதற்கும் ஏதாவது ஸ்தோத்திரம் வைத்திருப்பாள்.

அவள் சபையில் நன்றி சொன்ன மறுநாள், திங்கட்கிழமை காலையில், கொர்னேலியோ தனியாக என் கடைக்கு வந்தார். என் டீயைக் குடிக்காத மனிதர், ஒரு டீ கேட்டார். கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஜெனினா, நீதானே அவனைக் குளிப்பாட்டினே. எப்ப செத்திருப்பான்?"

"ஓடைக்கு வர்றதுக்கு முன்னாடியே" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். பாதி வழியில் உயிர் போனவர்கள் எத்தனை பேரை அவர் தூக்கியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தோளுக்குத் தெரிந்துவிடும் என்று டோலிக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், கூடை திடீரென்று இறங்கும்.

"செத்தா கனக்கும்" என்றார். "கனக்கத்தான் செய்யும். கொறையாது. எனக்குத் தெரியாதா?"

நான் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.  அவர் அந்தக் காய்த்த தோளைத் தன் கையாலேயே தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப யாரு புடிச்சா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நீ புடிக்கல."